தொண்ணூற்றெட்டுக்குக் கீழே ஒரு சின்ன எண்

என் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், முதல் மாடியில், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே வாடகைக்கு இருக்கிறார்கள். அப்பா அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். எங்கள் வீட்டு மொழி சைகை. நான் வாயால் பேசக் கற்றதெல்லாம் சந்தில் இருந்த பிள்ளைகளிடம். அதனாலோ என்னவோ, அம்மா கையால் சொல்வதை எழுத்தில் கொண்டுவரும்போது அது எனக்கு எங்கள் தெருப் பேச்சாகத்தான் வருகிறது.

கல்யாணமாகி நான் எண்ணூருக்கு வந்து சில வருடங்கள் ஆகின்றன. லாரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. மைக்ரோமீட்டரும் கையுமாக நாள் முழுக்க நிற்பேன். அளவு சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன், இல்லையென்றால் திருப்பி அனுப்புவேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பாகமும் அந்த வாசலைத் தாண்டாது.

தினமும் ஏழரைக்கு, வீட்டில் மாலை செபம் முடிந்ததும், அம்மா வீடியோவில் வருவார். மற்றவர்கள் வீட்டில் படம் கொஞ்சம் நின்றாலும் குரல் ஓடிக்கொண்டிருக்கும், விஷயம் புரிந்துவிடும். எங்களுக்குப் படம்தான் பேச்சு. கை நின்றுவிட்டால் வார்த்தை நின்றுவிடும். சில மாதங்களாக அம்மாவின் கை அடிக்கடி நின்றது. விரல்கள் பாதி வளைந்தபடி உறையும், பிறகு நாலு சொல் தாண்டி வேறெங்கோ போய் முளைக்கும். "இன்னொரு தபா" என்று நான் கையைச் சுற்றிக்காட்டுவேன். அம்மா சலித்துக்கொண்டு மறுபடி சொல்வார். அதிலும் பாதி போகும்.

ஒரு புதன்கிழமை, அம்மாவின் கை இப்படி வந்தது: அப்பா. கீழே விழுந்தார். ஆஸ்பத்திரி. அவ்வளவுதான். வாயை லேசாகத் திறந்தபடி அம்மாவின் முகம் திரையில் நின்றது, பிறகு இணைப்பே அறுந்துபோனது.

திரும்பத் திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. குரல் அழைப்புக்கு அந்த வீட்டில் பயனில்லை. செய்தி அனுப்பினேன், பார்த்த அடையாளம் வரவில்லை. என் கணவர் வண்டியை எடுத்தார். கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்ற சாலையில், இடுக்கு கிடைத்த இடத்திலெல்லாம் நுழைந்து, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை தாண்டி ராயபுரம் வந்து சேர்ந்தோம். எந்த ஆஸ்பத்திரியாக இருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டே வந்தேன்.

வாசலில் பட்டனை அழுத்தினேன். எங்கள் வீட்டில் மணி கிடையாது, உள்ளே பல்பு மின்னும். கதவைத் திறந்தவர் அப்பா. வலது கையில் சோறு ஒட்டியிருந்தது. இடது கையால் கேட்டார்: "இன்னா ரெண்டு பேரும்? சாப்பிட வந்தீங்களா?"

விழுந்தது பக்கத்து வீட்டுக்காரியின் அப்பா. 'பக்கத்து வீட்டு' என்ற சைகை நின்றுபோன படத்தோடு தொலைந்துவிட்டது. அம்மாவும் அப்பாவும் அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த கதையைத்தான் அம்மா சொல்லியிருக்கிறார். நான் நடுக்கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். அப்பா சிரித்தார். நான் அழுவது நிற்காததைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, கை கழுவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாளே இணைய இணைப்புக்காரருக்குப் போன் செய்தேன். அந்தப் பகுதிக்கு இணைப்பு கொடுக்கும் சிறிய நிறுவனத்தில் வேலை செய்பவர், முப்பது வயதுக்காரர், நல்ல மனிதர். நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ராயபுரத்தில் இருந்தேன். பதினோரு மணிக்கு வந்தார். மோடத்துக்குப் பக்கத்தில் நின்று, தன் போனில் வேகச் சோதனையை ஓடவிட்டார். முள் ஏறி நின்றது.

"பாருங்கக்கா, தொண்ணூத்தெட்டு. நூறு பிளானுக்கு தொண்ணூத்தெட்டு வருது. இதுக்கு மேல இன்னா வேணும்?"

"படம் நிக்குதே."

"வாய்ஸ் கிளியரா கேக்குதா?"

"இந்த வூட்ல யாருக்கும் வாய்ஸ் வேணாம். கைதான் தெரியணும்."

அவர் சங்கடப்பட்டார். அம்மாவின் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "போன் பழசா கீது. மாத்திப் பாருங்க."

தொண்ணூற்றெட்டு என்ற எண்ணைக் கண்ணால் பார்த்தபிறகு நானும் அடங்கிவிட்டேன். இதை ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். தொழிற்சாலையில் யாராவது ஒரே இடத்தில் ஒரே முறை அளந்து எடுத்துவந்தால் நான் ஏற்கமாட்டேன். அன்று ஏற்றேன். அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கினேன். புதுப் போனிலும் அம்மாவின் கை அதே மாதிரி நின்றது. முன்பைவிடத் தெளிவாக நின்றது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதன்பிறகுதான் எனக்குள் இருந்த பரிசோதகி விழித்தாள். இதுவும் ஓர் அளவுகருவிதானே என்று தோன்றியது. எதை அளக்கிறது, எங்கிருந்து எதுவரை அளக்கிறது, எந்த நேரத்தில் அளந்தது? இவை தெரியாமல் எண்ணை மட்டும் பார்ப்பது என் தொழிலுக்கே அழகில்லை.

பெரிதாகக் காட்டுகிற எண் டவுன்லோட். வெளியே இருந்து வீட்டுக்குள் வருவது. பாட்டு, படம் எல்லாம் அந்த வழியில்தான் வரும். அம்மாவின் கை என்னிடம் வருவதற்கு அது உதவாது. அது வீட்டிலிருந்து வெளியே போக வேண்டும். அதற்கான எண், அப்லோட், ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அதற்கும் கீழே பிங்: ஒரு துளித் தகவல் போய்த் திரும்ப ஆகும் நேரம். அந்த நேரம் தடவைக்குத் தடவை எவ்வளவு ஆடுகிறது என்று இன்னோர் எண். வீடியோவில் கை உறைவதற்கும் தாவுவதற்கும் இந்தச் சின்ன எண்கள்தான் பொறுப்பு.

இன்னொன்றையும் கவனித்தேன். சோதனை பொதுவாகப் பக்கத்தில் இருக்கும் ஏதாவதொரு கணினியோடுதான் பேசிப் பார்க்கிறது. தெருமுனை வரை சாலை நன்றாக இருக்கிறது என்பதை வைத்து எண்ணூர் வரை நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியுமா? ராயபுரம் போன ஒரு பகலில் தூரத்து ஊர்க் கணினி ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் அளந்தேன். கொஞ்சம் குறைந்தது, ஆனால் கை நிற்கிற அளவுக்கு இல்லை. என் எண்ணூர் வீட்டிலும் மூன்று நாள் அளந்தேன். என் பக்கம் சுத்தம்.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் போய் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு தாளில் கட்டம் போட்டோம்: நேரம், நின்ற இடம், நான்கு எண்கள், கடைசியில் குறிப்பு எழுத ஒரு கட்டம். காலை, மதியம், மாலை, முன்கூடம், பின்னறை, ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை. அப்பா அச்சகத்தில் அச்சடித்த தாள்களை ஃபாரம் ஃபாரமாக எண்ணி அடுக்கியவர். ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை.

முதல் சில நாள் தாளிலேயே ஒரு விஷயம் பிடிபட்டது. அம்மா வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று பின்னறையில் உட்கார்ந்து பேசுவார். மோடத்துக்கும் அந்த அறைக்கும் நடுவில் இரண்டு சுவர், ஓர் இரும்பு பீரோ. அங்கே எல்லா எண்களும் பாதிக்குமேல் விழுந்தன. நாற்காலியையும் விளக்கையும் முன்கூடத்துக்கு மாற்றினோம். காலையில் அழைத்துப் பார்த்தால் அம்மாவின் ஒவ்வொரு விரலும் தெரிந்தது. ஏழரைக்கு அழைத்தால் மறுபடி அதே கதை. முன்கூடத்திலும் மாலையில் அப்லோட் ஒன்றுக்குக் கீழே கிடந்தது. பெரிய எண் மட்டும் தொண்ணூறுக்கு மேலேயே நின்றது.

வெள்ளிக்கிழமை தாளில் ஓர் அளவு தனியாகத் துருத்திக்கொண்டு இருந்தது. மாலை ஏழு இருபது, முன்கூடம், அப்லோட் ஒன்பதரை. மூன்று முறையும் ஒன்பதுக்கு மேல். எங்கள் வேலையில் இப்படி ஓர் அளவு வந்தால் தவறு என்று அடிக்கக்கூடாது, அன்று என்ன மாறியிருந்தது என்று தேடவேண்டும். குறிப்புக் கட்டத்தில் அப்பா எழுதியிருந்தார்: 'படிக்கட்டில் கரண்ட் இல்லை. ஃபியூஸ் போச்சு.'

படிக்கட்டு விளக்குக்குத் தனி மீட்டர். வீட்டு மின்சாரம் இருந்திருக்கிறது, மோடம் ஓடியிருக்கிறது. படிக்கட்டில் அதே மின்சாரத்தில் ஓடுவது வேறென்ன இருக்கிறது? கேமராக்கள். வீட்டுக்காரர் பாய் குவைத் போனபோது நான்கு கேமரா மாட்டிவிட்டுப் போயிருந்தார். அவற்றின் வயர் எங்கள் மோடத்துக்குத்தான் வருகிறது. அப்பாவிடம் கேட்டுத்தான் செய்தார், அப்பாவும் தலையாட்டியிருக்கிறார். மற்ற நேரத்தில் அவை தங்களுக்குள்ளேயே பதிவு செய்துகொள்ளும். யாராவது வெளியூரில் இருந்து திறந்து பார்த்தால்தான் படம் இணையத்தில் போகும்.

நானும் ராயபுரம் போய், இணைப்புக்காரரை மாலை ஏழரை மணிக்கு வரச் சொன்னேன். "இந்நேரத்துலயாக்கா?" என்று இழுத்தார், ஆனாலும் வந்தார். வழக்கம்போல் மோடத்துக்குப் பக்கத்தில் நின்று அளந்தார்.

"தொண்ணூத்தொண்ணு. சரியாத்தான கீது?"

"கீழ இருக்கறதப் படிங்க."

குனிந்து பார்த்தார். "அப்லோட் பாயின்ட் எட்டு." போனைக் கண்ணருகே கொண்டுபோனார். "பிளான்ல பத்து குடுத்துகினு இருக்கோமே. எங்க போச்சு?"

கேமரா வயரை மோடத்திலிருந்து உருவினேன். மறுபடி அளக்கச் சொன்னேன். பெரிய எண் தொண்ணூற்றாறு. அப்லோட் ஒன்பது சொச்சம். அப்பா அதையும் தாளில் எழுதிக்கொண்டார்.

இணைப்புக்காரர் போனைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார், "இத்தினி வருசமா எத்தினி வூடு போய்கினு கீறேன். அந்த சின்ன நம்பர நான் பாத்ததே இல்லக்கா. யாரும் கேட்டதும் இல்ல."

அவர் பொய் சொன்னதாக நான் ஒருபோதும் நினைக்கவில்லை. தொண்ணூற்றெட்டு உண்மைதான். காலை பதினோரு மணிக்கு, மோடத்துக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு, உள்ளே வருகிற வழியில் அது உண்மை. என் அம்மா அந்த நேரத்திலும் இல்லை, அந்த இடத்திலும் இல்லை, அந்த வழியிலும் இல்லை.

வீட்டுக்காரர் பாயிடம் பேசவேண்டும். அவர் கேமராவைத் திருட்டு பயத்துக்கு வைத்திருப்பார், விட்டுக்கொடுக்க மாட்டார் என்று எண்ணி, எண்களை எல்லாம் வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு போன் செய்தேன். முழுவதும் கேட்டார்.

"ஏழரைன்னா இங்க அஞ்சு மணிம்மா. டூட்டி முடிஞ்சு ரூமுக்கு வர்ற நேரம்" என்றார். "திருடனப் பாக்கவா தொறக்கறேன்? சந்தப் பாப்பேன். மீன் கூடை வர்றது, பசங்க பந்து ஆடறது, உங்கப்பா கோயிலுக்குப் போய்ட்டு வர்றது. நாலையும் தொறந்து வெச்சுக்கினு டீ குடிப்பேன். அது உங்கம்மா பேச்ச நிறுத்தும்னு எனக்கு எப்டிம்மா தெரியும்? இன்னியோட நிறுத்திடறேன்."

எழுதி வைத்திருந்த தாளைக் கீழே வைத்தேன். நான் ஏழரைக்கு எதற்காகத் திரை முன் உட்கார்ந்தேனோ, அதற்காகத்தான் அவரும் உட்கார்ந்திருக்கிறார். ஒரே வீட்டில் இருந்து வெளியே வரும் ஒரு குறுகிய வழியில் இரண்டு பேர் முட்டிக்கொண்டிருந்தோம்.

"நிறுத்த வேணாம் பாய்" என்றேன். "பத்துல உங்களுக்கு ரெண்டு போதும். தெருவப் பாக்கற கேமரா ஒண்ண மட்டும் தொறங்க. படத்தோட தரத்தக் கொஞ்சம் கொறைங்க. மீன் கூடை தெரியும், மீன் என்ன மீனுன்னு தெரியாது, அவ்ளோதான்."

சிரித்தார். எப்படிக் குறைப்பது என்று போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். அன்று மாலை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அப்பாவை அளக்கச் சொன்னேன். அப்லோட் எட்டு. பிங் ஆடவில்லை.

அம்மா அன்று பக்கத்து வீட்டுக்காரியின் அப்பா கதையை முதலிலிருந்து சொன்னார். எந்தப் படியில் வழுக்கியது, யார் தூக்கியது, ஆஸ்பத்திரியில் எத்தனை மணி நேரம் உட்கார வைத்தார்கள், கட்டுப் போட்ட கையோடு அந்த மனிதர் எப்படி பீடி கேட்டார் என்பது வரை. பீடி கேட்டதை நடித்தும் காட்டினார். ஒரு விரலும் நிற்கவில்லை. என் அடுப்பில் குழம்பு தீய்ந்தது.

மழை நாட்களில் கம்பத்தில் இருந்து வரும் வயர் நனைந்தால் இப்போதும் இணைப்பு போகிறது. அதற்கு எந்தச் சோதனையும் உதவாது, இணைப்புக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வருகிறார். வந்ததும், நான் கேட்காமலே, கீழே இருக்கும் எண்ணைத்தான் முதலில் படித்துச் சொல்கிறார்.

பாய் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததில் இருந்து அம்மா வாசலில் இறங்கும்போதெல்லாம் கேமராவைப் பார்த்து ஏதாவது சொல்கிறார். சென்ற வாரம் பாய் எனக்குப் போன் செய்தார். "உங்கம்மா அஞ்சு வெரலையும் குவிச்சு வாய்கிட்ட கொண்டுபோயி, அப்பறம் கைய விரிக்கறாங்க. இன்னாம்மா அது?"

"சாப்ட்டீங்களான்னு கேக்கறாங்க."

"நான் எப்டி பதில் சொல்றது?"

அப்பாவின் எண்ணுக்குச் செய்தி அனுப்பச் சொன்னேன். அனுப்பினாராம். அன்றைக்கு அங்கே ரொட்டியும் பருப்பும்.