பின்சீட் இல்லாத வண்டி

என் அக்கா ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான் வேலை. காலையில் பஸ்ஸைக் கிளப்பும் முன், தலைக்கு மேலே இருக்கும் நீளக் கண்ணாடியைப் பார்த்து, "எல்லாரும் உட்காந்தாச்சா?" என்று ஒரு குரல் கொடுப்பாள். "உட்காந்தாச்சு" என்று பிள்ளைகள் கத்தினால்தான் சக்கரம் உருளும். வீட்டில் சாப்பாடு போடும்போதும் அதே கேள்வி, அதே குரல். மாமாவும் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லிவிட்டுத் தட்டை முன்னால் இழுத்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவள் போன வருடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாள். பழைய வண்டி, சிவப்பு நிறம், இரண்டே சீட்டு. உள்ளே உட்கார்ந்தால் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும்.

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவள் கோபப்படவில்லை. "இத்தனை வருஷமா பின்னாடியே பாத்து ஓட்டிட்டேன்டி. எவன் எழுந்து நிக்கிறான், எவ யாரைக் கிள்ளுறா, யாருக்கு வாந்தி வருதுன்னு. பின்னாடி சீட்டே இல்லாத வண்டி ஒண்ணு ஓட்டிப் பாக்கணும்" என்றாள். 

ஆசை ஆசையாக வாங்கிய வண்டி கொஞ்ச நாளிலேயே முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. ஒரு நாள் ஓடும், ஒரு நாள் சிக்னலில் அணைந்துபோகும். போன வாரம் பெரிய சாலையின் நடுவில், பின்னால் லாரி வரும்போது நின்றே விட்டது. டாஷ்போர்டில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. லாரிக்காரர் பிரேக்கை மிதித்ததால் பிழைத்தார்கள். பக்கத்து சீட்டில் இருந்தது மாமா. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், எறும்புக்கும் வழிவிடும் சாது. வீட்டுக்கு வந்ததும், "வண்டி வேணாம். எனக்கு நீ வேணும்" என்று சொல்லிவிட்டார்.

மெக்கானிக் ஒரு சின்னக் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "எஞ்சின் கம்ப்யூட்டர் போயிடுச்சு. இந்த மாடலுக்கு இப்ப கிடைக்காது" என்று கையை விரித்தார். பழைய வண்டிகளை உடைத்து விற்பவரிடம் மாமா பேசி முடித்தார். சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்து இழுத்துப் போவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை அக்கா என் முன்னால் வந்து நின்றாள். நான் கார் உதிரிபாகக் கடையில் கவுண்டரில் நிற்பவள்.

"ஒரு ஸ்கேனர் குடு. என்ன கோளாறுன்னு என் கண்ணால பாத்துட்டு அப்புறம் அனுப்புறேன்."

கட்டைவிரல் அளவில் இருந்ததை முதலில் எடுத்து வைத்தேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால் போனில் கோளாறு எண்களைக் காட்டும். "மெக்கானிக் வெச்சிருக்கிறதும் இதே ஜாதிதான். எஞ்சின் சொல்றதை மட்டும் படிக்கும்."

"இது?" என்று திரை வைத்த பெரியதைக் காட்டினாள்.

"இது எஞ்சின், கியர், பிரேக், ஸ்டீயரிங்னு எல்லாத்தையும் தனித்தனியா கேக்கும். கரண்டு எவ்வளவு வருதுன்னும் ஓடும்போதே காட்டும். இதுக்கும் மேல கம்பெனிக்காரங்க லேப்டாப் இருக்கு. அதை ஓட்டத் தனியா படிச்சிட்டு வரணும்."

அக்கா யோசிக்கவே இல்லை. "பஸ்ல சண்டைன்னா முன்சீட்டுப் பிள்ளையை மட்டும் கேட்டா ஆகுமா? எல்லாரையும் கேக்கணும். பெருசையே குடு."

கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டப் பிரித்து வைத்த ஒன்று இருந்தது. முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை வீட்டு ஷெட்டில் அக்கா சீட்டுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ திருகினாள். பிறகு சாவியைப் போட்டாள். நான் ஸ்கேனரைச் செருகினேன். திரை கீழே ஓடிக்கொண்டே போனது. எஞ்சினில் கோளாறு, கியரில் கோளாறு, பிரேக்கில் கோளாறு, கதவுக் கண்ணாடியில்கூடக் கோளாறு. உடைக்கத்தான் லாயக்கு என்று நினைத்தேன்.

அக்கா ஒவ்வொன்றாக நிதானமாகப் படித்தாள். "எல்லாரும் ஒரே புகாரைத்தான்டி சொல்றாங்க. கரண்டு பத்தலைன்னு."

உண்மைதான். ஹெட்லைட்டைப் போடச் சொன்னேன். திரையில் வோல்டேஜ் சரசரவென்று இறங்கியது. பேட்டரியில் நேராக மீட்டரை வைத்தால் குறையே இல்லை. அப்படியானால் இடையில் எதுவோ தின்கிறது. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சீட்டுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கைப்பிடி வைத்த ஸ்விட்ச். அதன் பித்தளை முனை கரியாகியிருந்தது.

"இது என்னக்கா?"

"மெயின் ஸ்விட்ச். பஸ்ல ராத்திரி பேட்டரியை அணைப்போம்ல, அதே மாதிரி பஸ் ஷெட்காரரை விட்டு மாட்டினேன். தினம் அணைச்சிட்டுத்தான் தூங்குவேன்."

"மெக்கானிக்குகிட்ட சொன்னியா?"

"வீட்டைப் பூட்டுறதை யாராவது ஊர்பூரா சொல்லிட்டிருப்பாங்களா?"

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. பத்திரமாக வைத்தே வண்டியைக் கொல்லப் பார்த்திருக்கிறாள். ஸ்விட்சைக் கழற்றிவிட்டு, ஒயரை நேராக இணைத்தேன். கோளாறுகளை அழித்துவிட்டு, எல்லா விளக்கையும் ஃபேனையும் போட்டு எஞ்சினை ஓடவிட்டோம். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

அப்போது இழுவை வண்டி வாசலில் வந்து நின்றது. மாமா பின்னாலேயே வந்தார். "நடுரோட்டுல திரும்ப நின்னுச்சுன்னா?" என்றார். அக்காவுக்கும் வண்டிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். அவருடைய பயத்தை அதுவரை நான் கேலிதான் செய்திருந்தேன்.

அக்கா வாதாடவில்லை. ஸ்கேனரை அவர் கையில் கொடுத்தாள். மாமா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, லென்ஸில் கீறல் தேடுவதைப் போல, 'கோளாறு இல்லை' என்ற ஒவ்வொரு வரியையும் படித்தார். முதலிலிருந்து மறுபடியும் படித்தார். பிறகு இழுவை வண்டிக்காரரிடம் போய், "மன்னிச்சிடுங்க, வீணா அலைய விட்டுட்டேன்" என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பி வந்தவர், யாரும் கூப்பிடாமலே பக்கத்து சீட்டில் குனிந்து நுழைந்தார்.

அக்கா பழக்க தோஷத்தில் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். அதில் கரியான ஸ்விட்சும் கையுமாக ஷெட்டில் நிற்கும் நான் மட்டும்தான் தெரிந்திருப்பேன். அவள் கண்ணை முன்னால் திருப்பினாள்.

"எல்லாரும் உட்காந்தாச்சா?"

மாமா பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"உட்காந்தாச்சு" என்றார்.