கமால் பாய் எண்ணூரில் சுட்ட கதை

கமால் பாய் ஹார்பரை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவர் நின்ற இடத்தில் இப்போது வேறொருத்தன் நிற்கிறான். நல்ல பையன்தான். ஆனால் எவ்வளவு கிண்டல் பண்ணினாலும் சிரிக்கத் தெரியாது, கோபமும் வராது. அவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

பாய்க்குக் கப்பலில் சிக்னல் வேலை. மூட்டையைத் தூக்கி இறக்கும் வின்ச்சை ஓட்டுகிறவனுக்குக் கீழே கப்பல் கிடங்கில் நடப்பது தெரியாது. அதனால் பாய் விளிம்பில் நின்று விசில் ஊதுவார், கை காட்டுவார். விசில் என்றால் நிறுத்து. கீழே ஆள் இல்லை என்று கண்ணால் பார்த்தபிறகு 'ஆரியா' என்று குரல் கொடுத்தால்தான் மூட்டைக்கட்டு மறுபடி இறங்கும். ஆரியா என்றால் அரசியல் இல்லை. கப்பல்காரன் பாஷையில் 'இறக்கு', அவ்வளவுதான். நான் எட்டாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு அதே கப்பலில் மூட்டைக்குச் சுண்ணாம்புக் குறி போட்டுக்கொண்டிருந்தேன். இப்போதும் அதேதான்.

ஒரு அரிசிக் கப்பலில் பாய் விசில் ஊதியும் வின்ச்சுக்காரன் நிறுத்தவில்லை. மூட்டைக்கட்டு அவருடைய தோஸ்து குமாரவேல் மேலேயே இறங்கிவிட்டது. அவரை இழுத்துவிடக் குதித்ததில் பாய்க்குக் கால் ஒடிந்தது. குமாரவேலுக்கு உயிரே போய்விட்டது. அதிலிருந்து எங்கே விசில் கேட்டாலும் பாய் கையில் இருப்பதை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றுவிடுவார். கல்மண்டபத்தில் போலீஸ்காரர் ஊதியபோது நடுரோட்டில் அப்படி நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு ஜட்கா, நாலைந்து கைவண்டி, ஒரு எருமை எல்லாம் நின்றன. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பாயும் சிரித்தார், கையை இறக்காமலே.

கால் விந்துகிற ஆளுக்குப் பொங்கலுக்கு மேல் கப்பலில் இடமில்லை என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். வீட்டில் பாய் சம்சாரம் சாபிரா அக்கா மாசமாக இருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஜார்ஜ் வந்தார். திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் டைம்கீப்பர். மாதா கோயில் திருவிழாவில் பாய் பலூன் சுட்டதை அவர் பார்த்திருக்கிறார். கடைக்காரன், "போதும் பாய், பொயப்பு கெட்டுடும்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சியதையும் பார்த்திருக்கிறார். அவர் கம்பெனி மேனேஜருக்குத் துப்பாக்கிப் பைத்தியம். எண்ணூரில் துப்பாக்கி கிளப் நடத்தும் பந்தயத்தில் புது ஆட்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. அதில் முதல் மூன்று பேருக்குள் வருகிறவன் துப்பாக்கியோடு கம்பெனி கேட்டில் காவலுக்கு உட்காரலாம், நிரந்தர வேலை என்று மேனேஜர் சொல்லியிருந்தாராம்.

ராயபுரத்தில் பாசஞ்சர் ஏறிப் போனோம். பாய் ஜார்ஜின் கால்சட்டையை இரவல் வாங்கிப் போட்டிருந்தார். அது அவருக்கு மூச்சுவிட இடம் கொடுக்கவில்லை. சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் மணல்மேடு. அதன் முன்னால் வரிசையாக அட்டைகள், நடுவில் காலணா அளவு கறுப்பு வட்டம். இங்கே கோரைப்பாயில் குப்புறப் படுத்துச் சுட வேண்டும். வெள்ளைக்காரன் போய் அஞ்சாறு வருஷம் ஆகியும் அங்கே எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் துரை என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். எங்களை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

பழகிப் பார்க்க பாய்க்குக் கொஞ்சம் குண்டு கொடுத்தார்கள். கறுப்பு வட்டம் பிய்ந்துபோனது. ஜார்ஜ் மீசையைத் தடவிக்கொண்டார்.

மூன்று சுற்று, நன்றாக வந்த இரண்டு மட்டும் கணக்கு. பந்தயம் நடத்துகிற அதிகாரி நடுவில் நின்று விசிலை ஊதினார். ஊதினால் சுட ஆரம்பிக்க வேண்டும்.

பாய் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கினார்.

பக்கத்தில் எல்லாரும் படபடவென்று சுடுகிறார்கள். இவர் மட்டும் போலீசிடம் சரணடைந்தவர் மாதிரி படுத்திருக்கிறார். பின்னாலிருந்து ஜார்ஜ் கத்தக் கத்த, எப்படியோ ஒரு குண்டு போட்டார். அதற்குள் முடிக்கிற விசில் ஊதிவிட்டது. மறுபடியும் கை மேலே.

வெளியே வந்தபோது ஜார்ஜ் அவரைத் தின்றுவிடுகிற மாதிரி பார்த்தார். விசிலுக்குப் பதில் வாயால் சொல்லச் சொல்லி அதிகாரியிடம் கேட்டோம். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று சொல்லிவிட்டார். பாய் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கை தானா வுட்டுடுது நைனா. நான் இன்னா பண்றது."

அவர் முகத்தைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. அதனால் திட்டினேன். "ஹார்பர்ல விசிலுக்கு அப்பால வேலைய யாரு ஆரம்பிக்கிறது? உங்கொப்பனா? நீதானே கொரல் குடுப்ப. இங்கியும் குடேன்."

"கீய ஆளு கீறானா இல்லியான்னு பாக்காம எப்டிடா குடுப்பேன்?"

சொன்னது அவருக்கே உறைத்துவிட்டது. அப்புறம் விந்தி விந்தி அந்த மணல்மேட்டுக்கே நடந்துபோனார். அட்டைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், மேட்டைச் சுற்றிவந்தார், சவுக்குக் கட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு கிழவியைக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். பாய் திரும்பி வந்து படுத்தார்.

விசில். கை மேலே. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். அப்புறம் கப்பல் அடித்தளம் வரைக்கும் கேட்கிற குரலில் "ஆரியா" என்றார்.

பக்கத்தில் படுத்திருந்தவர் அரண்டுபோய் மணலைச் சுட்டார். பாய் கறுப்பு வட்டத்தைச் சுட்டார், குண்டு தீரும்வரை.

பெரிய பேஜாராகிவிட்டது. மணலைச் சுட்டவர் குதித்தார். அவருக்கு அந்தச் சுற்றைத் திரும்பக் கொடுத்தார்கள். சுடுகிறவன் வாயைத் திறக்கக்கூடாது என்று சட்டம் உண்டா என்று ஜார்ஜ் கேட்டார். கிளப் ஆட்கள் ஒதுங்கிப்போய்ப் பேசிவிட்டு வந்து, கத்துவதானால் மெல்லக் கத்தட்டும் என்றார்கள். கடைசிச் சுற்றில் பாய் உதட்டுக்குள்ளேயே முணுமுணுத்துவிட்டுச் சுட்டார்.

கூட்டிப் பார்த்துப் பெயர் வாசித்தார்கள். முதல் இடம் யாரோ, இரண்டாவது யாரோ. மூன்றாவதுக்கு வாயைத் திறக்கும்போது எனக்குள் ஒரு கழுதை, 'வேற பேரா இருக்கட்டுமே, பாய் நம்மகூடவே கெடக்கட்டுமே' என்றது. இப்போதும் அதை உதைக்கத் தோன்றுகிறது. வாசித்தது பாய் பெயர்தான். பாய் என் தலையில் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். கால்வலி என்று நினைத்து நானும் நகராமல் நின்றேன்.

பொங்கல் முடிந்ததும் குடும்பத்தோடு திருவொற்றியூர் போய்விட்டார். பெண் குழந்தை, மலிகா என்று பெயர் வைத்தார்கள்.

போன வாரம் அந்தக் கம்பெனி கேட்டுக்குப் போனேன். பாய்க்குக் காக்கிச் சட்டை, தோளில் துப்பாக்கி, தொப்பை கொஞ்சம் போட்டிருக்கிறது. உள்ளே விடச் சொன்னேன். "பாஸ் கீதா?" என்றார். சும்மாதான் பார்க்க வந்தேன் என்றேன். பாஸ் இல்லாமல் உள்ளே காலை வைக்கக்கூடாது என்று கம்பிக் கதவைச் சாத்தினார். நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

கேட்டுக்கொண்டே தன் டீயைப் பாதி குடித்தார். மீதியைக் கம்பி வழியாக நீட்டினார். நான் வெளியே நின்று குடித்தேன், அவர் உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிப்போயிருந்தது. நான் மெதுவாகத்தான் குடித்தேன்.