பேச்சியம்மாளுக்குச் சொன்ன பதில்

செந்தாமரையும் காசிராஜனும் ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தினார்கள். அதில் பாதி ஸ்ரீபெரும்புதூர் பைபாஸில், கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்தில்தான் நடந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

முதல் பேச்சும் அங்கேதான். அப்போது அவளுக்கு இருபத்தியொரு வயது. பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து, போன் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பாள். அவன் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தான். ஐ.டி.ஐ. முடித்து, ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தான். ஒருநாள் மூச்சு வாங்க ஓடிவந்து கேட்டான்.

"ஏங்க, ஒரகடம் பஸ் போயிட்டா?"

"பஸ்ஸு இன்னா பொம்பளையா, போயிட்டான்னு கேக்கறீங்க?"

கூட நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்றைக்கு அவனுக்கு பஸ் தவறி அரை நாள் சம்பளம் போனது. மறுநாளிலிருந்து பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து நின்றான்.

ஒரு வருஷத்தில் விஷயம் இரண்டு வீட்டுக்கும் தெரிந்தது. செந்தாமரையின் அப்பா ரத்தினம், "ஊரு பேரு தெரியாதவன இட்டுனு வந்தா வூட்ல சேக்க மாட்டேன்" என்றார். காசிராஜனின் அண்ணன் கொம்பையா போனில் அதைவிடக் கடுமையாகப் பேசினான். "வேற சாதிப் புள்ளையக் கூட்டிக்கிட்டு இந்த வாசல மிதிச்சிராத. அம்மா நாண்டுக்கிட்டுச் செத்துருவா." குன்றத்தூர் மலைமேல் முருகன் கோயிலில், கூட வேலை செய்கிற நான்கு பேர் சாட்சியாக நிற்க, காசிராஜன் அவளுக்குத் தாலி கட்டினான். மகள் கவிப்பிரியா பிறந்ததும் ரத்தினம் இறங்கி வந்தார். தெற்கேயிருந்து யாரும் வரவில்லை.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. செந்தாமரைக்கு அம்மா இல்லை. அதனால் காசிராஜன் நிரந்தரமாக நைட் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டான். காலை ஏழு மணிக்கு அவன் பஸ்ஸிலிருந்து இறங்குவான். ஏழே காலுக்கு அவள் பஸ் வரும். அந்தக் கால் மணியில் பிள்ளை அவள் இடுப்பிலிருந்து அவன் தோளுக்கு மாறும். "ராத்திரி ரெண்டு தபா இருமுச்சு, மருந்து ஃப்ரிட்ஜு மேல கீது." "சரி. நீ தின்னியா?" அவ்வளவுதான் பேச்சு. மாலை ஆறு மணிக்கு அவள் இறங்குவாள். கொஞ்ச நேரத்தில் அவன் ஏறிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. இல்லையென்றால் மூன்று பேரும் ஒரே பாயில் மத்தியானம்வரை தூங்குவார்கள். செந்தாமரைக்குத் தெரிந்த சந்தோஷம் அதுதான்.

போன் கம்பெனி மூடிய பிறகு அவள் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனிக்கு மாறினாள். அப்போதும் நேரம் மாறவில்லை. ஒருநாள் அவளே கேட்டாள். "ஒரு செகண்ட் ஹாண்டு வண்டி வாங்கேன் மாமா. பஸ்ஸு ஊரெல்லாம் சுத்தினு வருது. வண்டின்னா அரை மணி முன்னாடி வந்துடுவ இல்ல?" அவன் வாங்கினான். அதற்கப்புறம் காலையில் இருவரும் சேர்ந்து வீட்டிலேயே டீ குடித்தார்கள். வண்டி வாங்கச் சொன்னது தான்தான் என்பதை அவள் பிற்பாடு ஒருநாள்கூட மறந்ததில்லை.

ஒன்பதாம் வருஷ மார்கழியில் ஒரு சாயங்காலம் ஊரிலிருந்து போன் வந்தது. அவன் அம்மா பேச்சியம்மாள் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. மகனைப் பார்க்கவேண்டும் என்கிறாள்.

"வார வெள்ளிக்கிழம போயிட்டு வந்துருதேன்" என்றான் காசிராஜன்.

"நானும் பாப்பாவும்?"

அவன் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான்.

"எட்டு வருஷமா எம் பொண்ணு மூஞ்சியப் பாக்காதவங்க. எங்கள இட்டுனு போறதுன்னா போ. இல்லன்னா நீயும் போவாத."

"தாமர, அவ படுத்துக் கெடக்கா."

"கெடக்கட்டும்."

புளிசோறு கட்டிய டிபன் பாக்ஸை அவன் கையில் கொடுக்காமல் வண்டி டேங்க் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் இரண்டு முறை ஹாரன் அடித்தான். அவள் எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஒரகடம் ரோட்டில் பனி மூட்டம். பழுதாகி நின்ற டிரெய்லர் லாரியில் பின்விளக்கு எரியவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்த காசிராஜன் அதன் பின்னால் போய் மோதினான். பிரேக் பிடித்த தடமே ரோட்டில் இல்லை, தூங்கியிருப்பான் என்றார் போலீஸ்காரர். கம்பெனி யூனிஃபார்மோடு அவள் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பையைக் கொடுத்தார்கள். அடையாள அட்டை, கண்ணாடி உடைந்த போன், டிபன் பாக்ஸ். பாக்ஸ் கனத்தது. திறந்து பார்த்தாள். கட்டிக் கொடுத்த சோறு அப்படியே இருந்தது. அவன் ஒரு பிடிகூடத் தின்னவில்லை.

சாயங்காலம் கொம்பையா வந்து சேர்ந்தான். முகம் காசிராஜன் முகம்தான், மீசை மட்டும் நரைத்திருந்தது. அவளை நேராகப் பார்க்காமல் ரத்தினத்திடம் பேசினான்.

"அம்மைக்கு எந்திரிக்க முடியாது. அவன ஊருக்குக் கொண்டு போயிருதோம்."

"அதெப்டி? பொண்டாட்டி புள்ள இங்க கீதுங்க. இங்கியேதான் எடுக்கணும்" என்றார் ரத்தினம்.

மார்ச்சுவரி வாசலில் வாக்குவாதம் முற்றியது. மனைவி கையெழுத்துப் போட்டால்தான் உடலைத் தருவார்கள். எல்லோரும் செந்தாமரையைப் பார்த்தார்கள். உயிரோடு போகிறேன் என்றவனைத் தடுத்தாயிற்று, இப்போதும் தடுப்பதா என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"ஊருக்கே எடுத்துனு போங்க. நானும் எம் பொண்ணும் கூட வருவோம்."

"அங்க நாலு பேரு நாலு விதமாப் பேசுவாவ" என்றான் கொம்பையா.

"பேசட்டும்."

விடிந்து நெடுநேரம் கழித்து வேன் ஊருக்குள் நுழைந்தது. தெருவே கூடியிருந்தது. செந்தாமரைக்கு யாரும் உட்கார இடம் காட்டவில்லை. எட்டு வயது மகளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். பெண்கள் அவளை விட்டு விலகிப் போய் அழுதார்கள். உள்ளே கட்டிலில் கிடந்த கிழவிதான் கையசைத்துக் கூப்பிட்டாள். ஒன்பது வருஷத்தில் மாமியாரை அவள் முதன்முதலாகப் பார்த்தாள். திட்டுவாள், சாபமிடுவாள் என்று நினைத்துக்கொண்டுதான் அருகில் போனாள்.

பேச்சியம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எம் புள்ள சாப்ட்டானா தாயி? பசியோட போயிரலையே?"

செந்தாமரை கட்டிலோரம் குனிந்தாள். "சாப்ட்டாரு அத்த. வயிறு நெறைய சாப்ட்டாரு."

கிழவி கண்ணை மூடிக்கொண்டாள்.

மருமகள் என்று அந்த வீட்டில் அவளை அதுவரை ஒருவரும் அழைத்ததில்லை. தாலியைக் கழற்றுகிற நேரத்தில்தான் ஒரு பெண், "காசி பொண்டாட்டிய எங்க? கூட்டியாங்க" என்று குரல் கொடுத்தாள். முன்பின் தெரியாத கைகள் அவளுக்குப் பூ வைத்தன, பொட்டு வைத்தன, பிறகு எல்லாவற்றையும் எடுத்தன. கவிப்பிரியா கதறிக்கொண்டு அந்தக் கைகளை அடித்தாள். அன்று மாலையே கொம்பையா அவர்களை பஸ் ஏற்றிவிட்டான்.

பதினேழாம் நாள் அவள் வேலைக்குப் போனாள். வேறு வழியில்லை. கைகள் தாமாகவே வயர்களைச் சேர்த்துக் கட்டின. சூப்பர்வைசர் அமலா இரண்டு மாதம் அவளிடம் ஓ.டி. பேச்சை எடுக்கவில்லை. அந்த உதவி ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்தது.

பேச்சியம்மாள் வாராவாரம் போன் பண்ண ஆரம்பித்தாள். நலம் விசாரிப்பாள், பேத்தியைக் கேட்பாள், கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள். "அன்னிக்கு அவன் என்ன சாப்ட்டான்?" செந்தாமரை புளிசோறு என்றாள். அடுத்த வாரம் தொட்டுக்கொள்ள என்ன என்று கேள்வி வந்தது. அப்பளம் என்றாள். பிறகு ஒரு வாரம், சாப்பிட்டு முடித்ததும் போன் பண்ணி நன்றாயிருந்தது என்று சொன்னார் என்றுகூடச் சொன்னாள். ஆறு வருஷத்தில் அந்தச் சாப்பாடு பெரிய விருந்தாகிவிட்டது. ஒவ்வொரு முறை போனை வைத்தபின்பும் கனத்த அந்த டிபன் பாக்ஸ் கையில் இருப்பதுபோலவே இருக்கும். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தாள். முடியவில்லை.

போன ஆடியில் பேச்சியம்மாள் இறந்துபோனாள். எல்லாம் முடிந்த பிறகுதான் கொம்பையா தகவல் சொன்னான். செந்தாமரை போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாவது படிக்கிற கவிப்பிரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ஆயா கேக்கச்சொல்லோ எல்லாம் நீ ஒண்ணொண்ணு சொல்லுவியே. அப்பா நெஜமாவே சாப்ட்டாரா?"

இனி யாருக்காகப் பொய் சொல்வது?

"இல்ல" என்றாள் செந்தாமரை. சண்டையைச் சொன்னாள். ஹாரன் அடித்ததையும் தான் எட்டிப் பார்க்காததையும் சொன்னாள். வண்டி வாங்கச் சொன்னதையும் விடவில்லை. மகள் அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் அவள் அம்மாவோடு பேசவில்லை. வைத்த சோற்றைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். செந்தாமரை, இது தனக்கு வரவேண்டியதுதான் என்று இருந்தாள். மூன்றாம் நாள் காலை, பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்தில் மகள் சீப்பும் ரிப்பனுமாக எதிரே வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். செந்தாமரை சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போட்டு, மடித்துக் கட்டிவிட்டாள்.