பாய் திறந்துவிட்ட புரோகிராம்

இவ்வளவு நேரங்கழித்து எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள் தோழிகளே. பாப்பாவுக்கு இப்போதுதான் ஜுரம் இறங்கியது... அவள் தூங்குகிறாள், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஆம்பூர் ஆபீஸ் ஞாபகமாகவே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ஈரத்தோல் வாடை. மூடினால் கம்ப்யூட்டர் சூடு.

அங்கே நான் எழுதிய புரோகிராம் தோலின் சதுர அடியைக் கணக்குப் போடும். சின்னச் சின்னத் தொழிற்சாலைகள் வாங்கினார்கள். ஆனால் சோர்ஸ் கோடை, அதாவது புரோகிராமின் மூல வரிகளை, யாருக்கும் காட்டக்கூடாது என்பது லைசென்ஸ் நிபந்தனை. சின்னத் திருத்தம் என்றாலும் என்னைத்தான் கூப்பிட வேண்டும். எனக்கோ அப்போது ஏழாவது மாதம்... நான் பிரசவத்துக்குப் போய்விட்டால் அவர்கள் யாரைக் கூப்பிடுவார்கள்?

முதலாளி பாயிடம் போனேன். "சோர்ஸ் கோடைத் திறந்து குடுத்துடலாம் பாய். அவங்கவங்களே திருத்திக்கட்டும்."

"இன்னாமா, பேஜார் பண்றே? நாளைக்கே எதிர்த்தெருக்காரன் அவன் பேரைப் போட்டு விப்பான்."

"நீங்க தோல் விக்கும்போது, வாங்குறவர் அவர் மெஷின்ல திரும்ப அளந்து பாக்குறாரே. வேணாம்னா சொல்றீங்க?"

"அளக்க விடலன்னா எவன் வாங்குவான்?"

"இதுவும் அளவுதானே பாய். எப்படி அளக்குதுன்னு மட்டும் காட்ட மாட்டேங்குறோம்."

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார் பாய்.

"வயித்துப் புள்ளையோட வந்து என் வாயை அடைக்கிறே" என்று சிரித்தார். "சரி, குடு. ஆனா ஒண்ணு. எடுத்துத் திருத்துறவன், திருத்துனதை வெளிய குடுத்தா அதையும் திறந்தேதான் குடுக்கணும். நான் திறந்து வெப்பேன், அவன் பூட்டு போடுவானா?"

அப்படியே ஒரு லைசென்ஸ் ஏற்கெனவே இருக்கிறது என்றேன். நம்பவே இல்லை மனுஷன்.

அப்புறம் நான் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்த மாதங்களில், திறந்த கோடைப் பார்த்து நீங்கள்தான் ஆளுக்கொரு திருத்தம் எழுதி அனுப்பினீர்கள்.

இப்போது பாய் ஓய்வில் இருக்கிறார். அடுத்த பதிப்பின் கோடை மறுபடி யாருக்கும் காட்டாமல் மூடிவிட அவர் மகன் பார்க்கிறார். முதலில் நான் சம்பளத்துக்கு எழுதியது கம்பெனிக்குச் சொந்தம்; ஆனால் திறந்த பிறகு நாம் வெளியிலிருந்து எழுதிய வரிகளும் அதில் இருப்பதால், சம்மதம் கேட்டு எனக்கு மெயில் வந்திருக்கிறது. உங்களுக்கும் வந்திருக்கும்.

அன்று எதிரெதிரே உட்கார்ந்து பேசித்தான் முடிவானது. இன்று அந்த மெயிலில் 'சம்மதம்' என்ற பட்டனை அழுத்தினால் போதுமாம்... யாரும் யாரிடமும் பேச வேண்டாமாம்.

நான் அழுத்தவில்லை. திங்கட்கிழமை ஆம்பூர் போய் மகனிடம் பேசப் போகிறேன். நான் ஒருத்தி மட்டும் மறுத்தால், பிறகு நான் சேர்த்த வரிகளை நீக்கிவிட்டு மூடிவிடுவார்கள். அதனால், நீங்களும் சம்மதிக்கவில்லை என்று அவரிடம் சொல்லலாமா? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.