ஞானப்பூவின் பைச் சோதனை

"இது என்னத்தா, அம்மிக்கல்லா?" என்று கேட்டுக்கொண்டே ஞானப்பூ அடுத்தவள் பையைத் தலைகீழாகக் கவிழ்க்கிறாள். எவர்சில்வர் தூக்குச்சட்டியும் முழுச் சோப்பும் பட்டுச்சேலையும் கோயில் வாசலில் உருள்கின்றன. சோப்பைப் பாதியாக அறுக்கிறாள். சேலை வீட்டுக்கே திரும்பிப் போகிறது. "மாதா ஒஞ் சேலையவா பாக்கப் போறாக? ஒங்காலத்தான் பாப்பாக!"

பரளச்சியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கூட்டம் புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம், வருஷந்தோறும் இப்படித்தான். மற்ற நாளெல்லாம் மிளகாய்க் காட்டிலும் பருத்திக் காட்டிலும் குனிந்து கிடப்பவள், அன்றைக்கு மட்டும் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்து நிற்பாள். அவளுடைய பை யூரியாச் சாக்கில் அவளே தைத்தது. மழைத்தண்ணி உள்ளே இறங்காது. தோளை அறுக்காதிருக்கப் பழஞ்சேலையை நாலாக மடித்து அகலமாக வார் வைத்திருக்கிறாள். அதற்குள் ஒரு மாற்றுச்சேலை, பொரிகடலை மாவு, மருந்துக்குப்பியில் கொஞ்சம் தேங்காயெண்ணெய், கொப்புளம் உடைக்க ஊசி. போர்வை கிடையாது. "சேல எதுக்கு இருக்கு? போத்திக்கிற வேண்டியதுதான்."

அவள் அதிகாரம் செல்லாத இடம் ஒன்றுண்டு. கணவர் ஏசுவடியான் தன் டிரான்சிஸ்டரை விடமாட்டார். "தூக்குங்க. பேட்டரிக் கனமும் ஒங்க தோளுக்குத்தான்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

தன் கூட்டத்தில் ஒருவரும் பாதி வழியில் பஸ் ஏறியதில்லை என்பதில் அவளுக்கு அப்படியொரு கர்வம். எண்பத்தேழாம் வருஷம் அதற்கும் சோதனை வந்தது. மஞ்சள்காமாலையில் பிழைத்த மகனின் உயரத்துக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்ட தங்கத்தாய், அதை மதுரையில் செய்து வாங்கி வந்திருந்தாள். மூன்றடி உயரம், கைக்கு அடங்காத பருமன். ஞானப்பூ தூக்கிப் பார்த்தாள். "இதயும் பாதியா அறுப்பியாக்கும்?" என்று யாரோ சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. "இது ஒன் நேர்ச்ச, தாயி. நீதான் தூக்கணும். மத்ததெல்லாம் எங்க பாடு" என்று தங்கத்தாயின் பையைக் காலிசெய்து ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தாள். வெயிலில் மெழுகு இளகாமலிருக்க ஈரத்துண்டு சுற்றி, பிள்ளையைப் போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தங்கத்தாய் நடந்தாள்.

தேவகோட்டை தாண்டியதும் அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. புளியமரத்தடியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. பஸ் ஒன்று வந்து நின்றது. "ஏத்தி விட்ருவோம், பாவம்" என்றார் ஏசுவடியான்.

"அக்கா, நீயாச்சும் இதக் கொண்டுபோய்ச் சேத்துரு" என்று தங்கத்தாய் மெழுகுவர்த்தியை நீட்டி அழுதாள்.

ஞானப்பூ அதைத் தொடவில்லை. கண்டக்டரைப் பார்த்து, "நீங்க போங்கய்யா" என்றாள். பிறகு எல்லோரையும் மறுபடி பைகளைத் திறக்கச் சொன்னாள். சமையல் பானை, அரிசி, மிச்சமிருந்த போர்வைகள் எல்லாம் சாலையோர வீடொன்றில் ஒப்படைக்கப்பட்டன. "கஞ்சிக்கு என்ன செய்ய?" என்று கேட்டதற்கு, "வழியில சனங்க குடுக்கிறத வாங்கிக் குடிப்போம். நமக்குக் கை காலியா இருக்கணும்" என்றாள். ஏசுவடியான் யாரும் சொல்லாமலே டிரான்சிஸ்டரைத் தோளிலிருந்து கழற்றிப் பானைக்குள் வைத்தார்.

பெண்கள் முறை வைத்து இரண்டு பக்கமும் தங்கத்தாயின் இடுப்பைத் தாங்கினார்கள். வெயில் தாழ்ந்தபின் நடப்பதும், அவள் வலிக்கிறது என்றால் கூட்டமே உட்காருவதுமாகப் போனார்கள். மற்ற ஊர்க் கூட்டங்களெல்லாம் முந்திப் போயின. வேளாங்கண்ணி வாசலில் வழிவிட்டு நின்ற ஒருவர், "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார்.

"பரளச்சி! எல்லாரும் நடந்தே வந்தோம்" என்று கடற்கரைக்கே கேட்கும்படி சொன்னாள் ஞானப்பூ.

தங்கத்தாய் மெழுகுவர்த்தியை மாதா முன் வைத்துவிட்டுத் திரும்பினாள். அணைத்தே பழகிய கைகள் மடங்கியபடியே நின்றன, நீட்ட வரவில்லை. ஞானப்பூ அவளைப் படியில் உட்காரவைத்து, அந்தக் கைகளைத் தன் மடியில் வாங்கி, முழங்கையிலிருந்து விரல்வரை மெல்ல மெல்ல நீவிவிடத் தொடங்கினாள்.