மாடி என்னுடையது, வீடு பிள்ளைகளுடையது

கீரப்பாளையத்தில் நெல் மண்டி, சேத்தியாத்தோப்பில் மரக்கடை, கடலூர் வீட்டின் மேல் ஒரு முழு மாடி. இவ்வளவும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருவன் எழுப்பியவை. மாடிக்கு இன்ஜினியர்கூடக் கிடையாது. கயிறு பிடித்து அளந்தவன் நான்தான். கடலூரில் எத்தனை புயல் அடித்தது! பக்கத்து வீட்டுத் தகரமெல்லாம் பறந்தது. என் மாடியில் ஒரு கீறல் உண்டா?

கீழ்வீடு மட்டும் மாமனார் கொடுத்தது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் மகள் பெயரில் செட்டில்மென்ட் எழுதி, பத்திரத்தை என் கையில்தான் கொடுத்தார். நான் அதைப் படிக்கவில்லை. ஆனால் மரியாதையில் குறை வைத்தேனா? ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மரக்கடை ரம்பத்தோடு அதையும் வைத்து, முதல் பக்கத்தில் சந்தனம் குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டினேன். முப்பது வருஷம்!

போன வருஷம் சிதம்பரத்தில் தேரோடும் வீதியில் ஒரு கடை விலைக்கு வந்தது. கடலூர் வீட்டை விற்று அதை வாங்கி, வாசலில் என் பெயரைப் பெரிதாகப் போட வேண்டும் என்று ஆசை. மனைவியை அழைத்துக்கொண்டு பத்திரம் எழுதுபவரிடம் போனேன். எங்களுக்குத் தூரத்து உறவு, என்னைவிடச் சின்னவர். முதல் பக்கத்தில் காய்ந்து கிடந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் இரண்டு வரி இருந்தது.

“மாமா, இத விக்க முடியாது. அத்தை ஆயுசு வரைக்கும் அனுபவிக்கலாம். அப்புறம் அவுங்களுக்குப் பொறக்கிற புள்ளைங்களுக்கு.”

“எழுதுனப்ப புள்ளைங்களே பொறக்கலயே மாப்ள!”

“பொறக்காத புள்ளைக்கும் எழுதலாம் மாமா. பொறந்த அன்னிக்கே உரிமை வந்துடுச்சு. வூடு கைக்கு வர்றதுதான் அத்தைக்கு அப்புறம்.”

நான் முறைத்ததைப் பார்த்து இன்னும் விளக்கினார். “கடலூர்ல பஸ் ஏறுன அத்தை, சிதம்பரம் வரைக்கும் சீட்ல உக்காரலாம். எறங்குனா அடுத்தவங்க உக்காருவாங்க. அதுக்காக சீட்டைக் கழட்டி விக்க முடியுமா?”

“அப்ப நானு?”

“நீங்க அத்தையோட லக்கேஜ் மாமா.”

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எங்கப்பா ஒங்கள அளந்துட்டாரு. கயிறுகூடப் புடிக்கல.”

“நான் கட்டுன மாடி?” என்றேன்.

“வூடு யாருதோ, மாடியும் அவுங்களுதுதான்” என்றார் அவர்.

திரும்பும் வழியெல்லாம் ஒரே நினைப்பு. மாடிக்குக் கம்பி கட்டியபோது கைக்குழந்தையாக இருந்த மகளைத் தூக்கிக் காட்டி, “பாரு, அப்பா கட்டுறேன்” என்று பெருமை பேசியிருக்கிறேன். அவள் பொக்கை வாயால் அப்படிச் சிரித்தாள். இப்போது புரிகிறது. வீட்டுக்குச் சொந்தக்காரி மேற்பார்வை பார்த்திருக்கிறாள்.

சிதம்பரம் கடை வேறு கைக்குப் போய்விட்டது. இந்த மாதம் பிள்ளைகள் இருவரும் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். வாசலுக்குக் கிரானைட் கல் சொல்லியிருக்கிறார்கள். அதில் அம்மா பெயர், மகன் பெயர், மகள் பெயர். என் பெயர் எங்கே என்று கேட்டேன்.

“பத்திரத்துல ஒனக்குப் பங்கு இல்லயேப்பா” என்கிறாள் மகள். இப்போதெல்லாம் சோபாவில் காலை நீட்டினால், “எங்க வூட்ல ஒழுங்கா ஒக்காருப்பா” என்றும் சொல்கிறாள்.

சட்டம் இப்போது எனக்கும் தெரியும். வீடு எனக்கு வேண்டாம், விற்கவும் மாட்டேன். ஆனால் கல் வெட்டுகிறவன் உளியை எடுப்பதற்கு முன் ஒன்று நடந்தாக வேண்டும். ‘மாடி கட்டியவர்’ என்று போட்டு என் பெயரை அதில் வெட்ட வேண்டும். மற்ற மூன்று பெயருக்கும் மேலே. மாடி மேலேதானே இருக்கிறது?