ஏழாம் பக்கத்தில் இல்லாத எட்டு ஆண்டுகள்

"மாஸ்டர், அந்த எட்டு வருசத்தையும் எழுதத்தான் வேணுமோ?"

மங்களேஸ்வரி டீச்சரின் தம்பி கனகசபை தொலைபேசியில் என்னிடம் இப்படிக் கேட்டார். டீச்சர் காலமாகிப் பத்து நாள் ஆகியிருந்தது. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரில் அவருடைய வாழ்க்கையை எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருந்தார்கள். இருபத்தாறு வருடம் ஒரே பாடசாலையில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நான் கணிதமும் அந்தப் பக்கம் அவர் இரசாயனவியலும் படிப்பித்தோம். எனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுத்திருந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் இந்தக் கேள்வி.

"வேணும்" என்றேன். "ஏன், அந்த எட்டு வருசமும் அவ உயிரோட இருக்கேல்லையோ?"

டீச்சரை அறிந்தவர்களே, அந்த எட்டு வருடத்தில் அவர் என்ன செய்தார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

செய்தி எனக்கு வந்த விதத்தை முதலில் சொல்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லிங்கநகரில் என் வீட்டு வாசல் படலையில் யோகன் சைக்கிளோடு நின்றார். உட்துறைமுகப் பக்கத்துச் சாராய வடிசாலையில் செப்புக் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர் அவர். உள்ளே வரச் சொன்னேன்.

"ஏலாது சேர், வேலை உடுப்போட வந்தனான். கள்ளு மணக்கும்" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "டீச்சர் போயிட்டா" என்றார்.

தினமும் காலை ஏழு மணிக்கு வடிசாலைக்கு வந்துவிடும் டீச்சரை அன்று காணவில்லை. ஏழேகால் வரை பார்த்துவிட்டு யோகன் வீட்டுக்கே போயிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தபோது, நித்திரையிலேயே உயிர் போயிருந்தது. தம்பி வீட்டுக்குச் செய்தி போனது அதன் பிறகுதான். டீச்சரைக் காணவில்லை என்று முதலில் பதறியவர்கள் வடிசாலைக்காரர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கள்.

அவர் அங்கே போன கதை சின்னது. எங்களிடம் படித்த ரவீந்திரன் பல காலம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து, துறைமுகத்தைப் பார்த்தபடி கிடந்த, சாமான் அடுக்கும் பழைய கிட்டங்கி ஒன்றை எடுத்துத் திருத்தினார். அனுமதிப்பத்திரம் பெற்று, தம்பலகாமத்துச் சிவப்பரிசியில் கொஞ்சம் பியரும், ஈச்சிலம்பற்றுப் பக்கத்துக் கள்ளில் கொஞ்சம் சாராயமும் செய்யத் தொடங்கினார். தொடக்கத்தில் பியர் புளித்துப் புளித்துப் போயிற்று. காரணம் பிடிபடாமல், இரசாயனவியல் படிப்பித்த டீச்சரை ஒருக்கால் வந்து பார்க்கச் சொன்னார். அப்போது டீச்சர் ஓய்வு பெற்று மூன்று மாதம்.

போனவர் ஒன்றையும் சுவைக்கவில்லை. குழாய்களை ஒவ்வொன்றாகக் குனிந்து மணந்தார். நாலாவது குழாயைக் கழற்றச் சொன்னார். உள்ளே இருந்த இறப்பர் வளையத்தை விரலில் எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

"இதை ஆர் கழுவுறது?"

வேலையாட்கள் ரவீந்திரனைப் பார்த்தார்கள், ரவீந்திரன் குழாயைப் பார்த்தார்.

"ஒருத்தரும் கழுவுறேல்லை. அதுதான் விடை."

போகும்போது அவரே ரவீந்திரனிடம், "நாளைக்கும் வரட்டோ?" என்று கேட்டிருக்கிறார். கேட்டது அவர். இதையும் மறக்க வேண்டாம். பிறகு தேவைப்படும்.

அன்றிலிருந்து அந்த வடிசாலையில் சுவை பார்ப்பவர் அவர்தான். அந்த வேலைக்காக அவர் விட்டவற்றைப் பாருங்கள். காலையில் மீன் பொரியல் இல்லை. தலையில் பூ இல்லை. முகத்துக்குப் பவுடர் இல்லை. பாணும் வெந்நீரும்தான் காலைச் சாப்பாடு. மூக்கு மழுங்கக் கூடாதாம். ஊர் என்ன சொன்னது? 'சாராய டீச்சர்' என்றது. சந்தியில் ஓட்டோக்காரர் ஒருவர், "என்ன டீச்சர், கள்ளுத் தவறணைக்கோ?" என்று கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஓம் தம்பி" என்றார் டீச்சர். "பின்னேரம் நீர் குடிக்க முதல் நான் பாக்கவேண்டாமோ?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வருகிறவர்களுக்கு வடிசாலையைச் சுற்றிக் காட்டி, கடைசியில் சுவை பார்க்கச் சொல்லிக் கொடுப்பதும் அவர் வேலையாகியிருந்தது. அன்று கொழும்பிலிருந்து ஒரு புருசன் பெண்சாதி, வெள்ளைக்காரர் இருவர், நகரத்து வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், குடிக்காத நான். அரிசி ஊறும் தொட்டி, கொதிகலன், சாவண்டலை மரப் பீப்பாய்கள் எல்லாம் பார்த்து முடித்து, கடற்காற்று வராத உள்ளறையில் உட்கார்ந்தோம். ஆளுக்கு நாலு சின்னக் கிளாஸ். பெயர் தெரியாதபடி போத்தல்களைப் பத்திரிகைத் தாளால் சுற்றியிருந்தார். நடுவில் ஒரு பித்தளைப் படிக்கம்.

"முதல்ல மணம். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு மணந்து பாருங்கோ. மூண்டாவது கிளாசை வாயில வைக்கக் கூடாது, மணக்க மட்டும்தான்."

மனேஜர் முதல் கிளாசைத் தூக்கியதும், "டீச்சர், இது விலை கூடின சாமான் எண்டு மணத்திலயே விளங்குது" என்றார்.

"ஐயா, விலை மணக்காது. வேற என்ன மணக்குது?"

"மாம்பழம் மாதிரி..."

"எப்பிடி மாம்பழம்? பழுத்ததோ, அழுகினதோ?"

மனேஜர் குரலைத் தாழ்த்தி, "அழுகத் தொடங்கினது மாதிரி" என்றார்.

"சரியான விடை. அது இன்னும் பீப்பாயில கிடக்க வேண்டிய சாமான். உங்கட மூக்குச் சொன்னதைச் சொல்ல ஏன் வெக்கப்படுறீங்கள்?"

மூன்றாவது கிளாசுக்கு என் முறை வந்தது. சைக்கிள் ரியூப் ஒட்டும் பசை மாதிரி இருக்கிறது என்றேன். "பாருங்கோ, கணக்கு வாத்தியாருக்கும் மூக்கிருக்கு!" என்று கையைத் தட்டினார். வடிக்கும்போது முதலில் வருகிற பகுதி அது. கொட்டவேண்டியது. நாலு கிளாசில் ஒன்றையாவது எப்போதும் பிழையானதாக வைப்பார். பிழையைத் தெரியாதவருக்குச் சரியையும் தெரியாது என்பது அவருடைய பிடிவாதம். "கெட்ட சாமானைக் காட்டி வியாபாரம் செய்யிறது உலகத்தில நீங்கள் ஒராள்தான்" என்று ரவீந்திரன் தலையில் கை வைப்பார். ஆனால் அந்தக் கிளாசை அவர் ஒருநாளும் எடுக்கச் சொன்னதில்லை.

பிறகு சுவைத்தார்கள். டீச்சர் ஒவ்வொன்றையும் நாக்கில் உருட்டிவிட்டுப் படிக்கத்தில் துப்பினார். மனேஜருக்கு வயிறெரிந்தது. "வீணாக்காமல் என்னட்டத் தாங்கோவன் டீச்சர்" என்றார்.

"நான் துப்பினதோ வேணும் உங்களுக்கு?"

கொழும்புப் பெண்ணுக்குச் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

எட்டு வருடத்தில் அவர் ஒரு மிடறு விழுங்கி நான் கண்டதில்லை, யோகனும் கண்டதில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிப்பவரை நாம் இரத்தம் குடிப்பவர் என்று சொல்கிறோமா? மருந்துக் கடைக்காரரை நோயாளி என்கிறோமா? ஆனால் ஒரு பெண், அதுவும் கலியாணம் கட்டாத பெண், அதுவும் டீச்சர், சாராயத்தை மணந்து பார்த்தால் மட்டும் நமக்குக் கணக்கு வேறு. சரி, அவர் விழுங்கியிருந்தால்தான் என்ன? விழுங்குகிற ஆண்களின் நினைவு மலர்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். எல்லோரும் பண்பாளர்கள்.

அவர் வேலையில் எவ்வளவு கறார் என்பதற்கு இன்னொன்று. ஒரு ஹோட்டலுக்குச் சாராயம் அனுப்ப எல்லாம் ஆயத்தம். வாகனம் வாசலில் நிற்கிறது. டீச்சர் கடைசியாக ஒரு போத்தலைத் திறந்து மணந்துவிட்டு, ஏலாது என்றுவிட்டார். கொட்டவேண்டிய முதற்பகுதி கொஞ்சம் கலந்துவிட்டதாம். "ஆருக்கு டீச்சர் விளங்கப்போகுது?" என்று ரவீந்திரன் கத்தினார். டீச்சர் கத்தவில்லை.

"எனக்கு விளங்கீற்று. பின்னால என்ர கையெழுத்தெல்லோ கிடக்கு?"

வாகனம் வெறுமையாகத் திரும்பியது. அந்தச் சாராயம் முழுவதையும் திரும்ப வடித்தார்கள். ஒவ்வொரு போத்தலின் பின்பக்கத்திலும் 'சுவை பார்த்தவர்' என்று அச்சிட்டு, அதன் கீழே டீச்சரின் கையெழுத்தும் இருக்கும். கரும்பலகையில் நாங்கள் எல்லோரும் பார்த்த அதே வட்டமான எழுத்து.

இனிச் செத்தவீட்டுக்கு வருகிறேன். வடிசாலைத் தொழிலாளர் ஆறு பேர் ஒரு வெள்ளைத் துணியில் 'எங்கள் டீச்சருக்குக் கண்ணீர் அஞ்சலி' என்று எழுதி, கீழே வடிசாலையின் பெயரைப் போட்டு, வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முகப்பில் கட்டினார்கள். அரை மணித்தியாலத்தில் அது இல்லை. யோகன் அதைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"ஆர் அவிழ்த்தது?" என்று கேட்டேன்.

"தெரியாது சேர். நல்ல வடிவா மடிச்சு மதிலில வச்சிருந்தவை."

மடித்து வைத்த அந்த மரியாதைதான் என்னை அதிகம் சுட்டது. கிழித்து எறிந்திருந்தால் ஒரு சண்டையாவது பிடித்திருக்கலாம். யோகனும் மற்ற ஐந்து பேரும் ஊர்வலத்தின் கடைசியில் சுடலை வரை நடந்தார்கள்.

எட்டுச்செலவை நாள் பார்த்து ஆறாம் நாள் பின்னேரமே வைத்தார்கள். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்கிற நாள். டீச்சரின் படத்துக்கு முன்னால் வடை, தோசை, கதலிப்பழம், பால் தேத்தண்ணி வைத்தார்கள். படைத்து முடிந்ததும், வழக்கம்போல் ஆண்கள் வீட்டுக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். போத்தல் வந்தது. கனகசபை எல்லோருக்கும் வார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் போத்தலை நான் எங்கே கண்டாலும் அடையாளம் காண்பேன்.

"கனகசபை, அதை ஒருக்காத் திருப்பும்" என்றேன்.

அவர் திருப்பவில்லை. பக்கத்தில் இருந்த மச்சான்காரர் வாங்கித் திருப்பினார். "அட, இது எங்கட அக்கான்ர கையெழுத்தெல்லோ!" என்றார். அந்தக் குரலில் இருந்தது பெருமைதான். ஒரு கணம் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கனகசபை போத்தலைப் பறித்து உள்ளங்கையால் அந்தக் கையெழுத்தை மூடிக்கொண்டார்.

"இப்ப இந்தக் கதை ஏன் மாஸ்டர்?"

"சாமான் எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருக்கிறதுக்குக் காரணமானவ உள்ளுக்குப் படமா இருக்கிறா. பிறகு வெக்கம் ஆருக்கு?"

கிளாஸ்கள் மட்டும் நிறைந்தன.

அதற்குப் பிறகுதான், பத்தாம் நாள், முதலில் சொன்ன அந்தத் தொலைபேசி. எழுதத்தான் வேண்டும் என்று நான் நின்றதும் கனகசபை ஒரு சமாதானம் சொன்னார். "சரி மாஸ்டர், போடுறதெண்டால் கஷ்டத்தில போனவ எண்டு போடுங்கோ. அப்பிடியெண்டால் சனம் விளங்கிக்கொள்ளும்."

கனகசபை கெட்ட மனிதர் இல்லை. அக்காவின் பெயர் கெடக்கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் அந்த வார்த்தையில் நான் உடைந்துபோனேன். ஒரு பெண் அழுதுகொண்டு செய்த வேலையை நாம் மன்னிப்போம். சிரித்துக்கொண்டு செய்த வேலையை மன்னிக்க மாட்டோம். டீச்சருக்கு ஓய்வூதியம் போதும். ஒருவரும் அவரைத் தள்ளவில்லை. ஏன் அங்கே போகிறீர்கள் என்று ஒருமுறை நானே கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"பள்ளிக்கூடத்தில விடை எனக்கு முதலே தெரியும் மாஸ்டர். பிள்ளையளுக்குத்தான் தெரியாது. இஞ்ச ஒவ்வொரு நாளும் காலம எனக்கே விடை தெரியாத கேள்வி ஒண்டு கிளாசில நிக்குது. இந்த வயதில இப்பிடி ஒரு சந்தோசம் ஆருக்குக் கிடைக்கும்?"

இதையும் எழுதிக் கொடுத்தேன். முப்பத்தோராம் நாள் மலர் கைக்கு வந்தது. நல்ல தாள், நல்ல படம். ஏழாம் பக்கத்தில் என் கட்டுரை முடிகிற இடத்தில் இப்படி இருக்கிறது: 'ஓய்வு பெற்ற பின்னர் இறைபணியில் தம்மை முழுமையாக ஈடுபடுத்திக்கொண்டார்.' அதன் கீழே என் பெயர். நான் எழுதாத பொய்க்கு என் பெயர். மாணவன் ஒருவனின் விடைத்தாளில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு, நானே வேறு விடை எழுதி ஒட்டிப் புள்ளி போட்டிருந்தால் என்னை வேலையிலிருந்து நிறுத்தியிருப்பார்கள். செத்துப்போனவருக்கு அதைச் செய்தால் மரியாதையாம்.

டீச்சர் கோயிலுக்குப் போவார்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம், வேலை முடிந்து, போகும் வழியில். அதுவும் உண்மை. ஆனால் முழு உண்மை அல்ல என்பது அந்த வரியை எழுதியவருக்கும் தெரியும், படித்த உங்களுக்கும் தெரியும். நீங்கள் மலரை மூடி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தீர்கள். நானும் அன்று உட்கார்ந்தேன். அந்த வெட்கம் எனக்கு உண்டு.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். மற்றவர் என்ன நினைப்பார் என்று பார்க்காமல், கண்டதைக் கண்டபடி சொல்லும் பழக்கம். மனேஜருக்கு அவர் அன்று கற்பித்ததை அறுபத்தெட்டு வயதில் நானும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மலர் உங்கள் வீட்டில் எங்கேயாவது கிடக்கும். எடுங்கள். ஏழாம் பக்கத்தின் கடைசி வரியைப் பேனாவால் வெட்டிவிட்டு, பக்கத்தில் உங்கள் கையாலேயே இதை எழுதி வையுங்கள்: 'ஓய்வு பெற்ற பின் எட்டு ஆண்டுகள் வடிசாலையில் சுவை பார்ப்பவராக இருந்தார். விரும்பிப் போனார்.'